மெலடோனின் மாத்திரையும் புற்றுநோயும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போன இதழில் தூக்க மாத்திரைகளைப் பற்றி எழுதியபோது, இரவில் நம் உடலே சுரக்கும் ஹார்மோனான, மாத்திரையாகவும் கிடைக்கும் மெலடோனினை இரண்டே வரியில் கடந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். தூக்கத்துக்காகக் கேட்டவர்கள் குறைவு, புற்றுநோய்க்காகக் கேட்டவர்களே அதிகம். புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் இதையேதான் கேட்டார்கள். அதனால் இந்த முறை முழுக்க இதற்கே.

என் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. தினமும் இரவு 20 மில்லிகிராம் மெலடோனின் எடுத்தால் நோய் திரும்ப வராது என்று மைத்துனர் பாட்டில் பாட்டிலாக வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா அம்மா?

மைத்துனர் ஒன்றும் காற்றில் பிடித்த கதையைச் சொல்லவில்லை. அந்த 20 மில்லிகிராமுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. இத்தாலியில் மோன்சா நகரத்தில் பாவ்லோ லிசோனி என்ற புற்றுநோய் மருத்துவரும் அவருடைய குழுவும் 1980களின் பிற்பகுதி தொடங்கிப் பல ஆண்டுகள் முற்றிய புற்றுநோய் உள்ளவர்களுக்கு மெலடோனின் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் இரவில் 20 மில்லிகிராம். கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது நோயாளிகள் கூடுதல் காலம் உயிரோடு இருந்ததாகவும், பக்கவிளைவுகள் குறைந்ததாகவும் அறிக்கை மேல் அறிக்கை வந்தது. 2005இல் மில்ஸ் என்பவர் தலைமையில் 10 சோதனைகளை, மொத்தம் 643 நோயாளிகளை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் இறக்கும் அபாயம் மெலடோனின் எடுத்தவர்களுக்கு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று கணக்கு வந்தது.

மூன்றில் ஒரு பங்கு! விலையுயர்ந்த எந்தப் புது மருந்தும் பொறாமைப்படும் எண் அது. அப்படியானால் ஏன் எந்த மருத்துவமனையும் இதை வழக்கமான சிகிச்சையாக வைத்துக்கொள்ளவில்லை? "மலிவான மருந்து, கம்பெனிக்கு லாபமில்லை" என்று மைத்துனர் சொல்வார். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அந்தச் சோதனைகளைப் பிரித்துப் பார்த்தால் வேறு காரணம் கண்ணில் படும். அவை எல்லாவற்றிலும் யாருக்கு மெலடோனின் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது மருத்துவருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடவில்லை. பெரும்பாலானவை ஒரே குழுவிடமிருந்து வந்தவை. நல்லது நடக்கும் என்று நம்பும் மருத்துவர், தன்னை அறியாமலே அந்த நோயாளியைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பார், கீமோவை நிறுத்தாமல் இன்னும் ஒரு சுற்று கொடுத்துப் பார்ப்பார். யாரும் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை, எண் தானாகவே சாய்ந்துவிடும்.

உங்கள் மனைவியின் நிலைமைக்கு நேரடியாகப் பொருந்தும் சோதனை ஒன்று கனடாவில் நடந்து முடிந்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 709 பேர். ஒரு பாதிக்கு இரவில் 20 மில்லிகிராம் மெலடோனின், மறு பாதிக்குப் பார்வைக்கு அதே மாதிரியான வெற்று மாத்திரை. ஒரு வருடம் முழுக்கக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியாது. 2021இல் முடிவு வெளியானது: இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் நோய் திரும்பியதில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. முற்றிய நிலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது மட்டும் ஏதோ நன்மை இருப்பது போல ஒரு அறிகுறி தெரிந்தது. ஆனால் மொத்தத்தில் தோற்ற சோதனையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால் எங்காவது ஒரு துண்டு நன்றாகத்தான் தெரியும். அதை வைத்து இன்னொரு சோதனை தொடங்கலாம், சிகிச்சை தொடங்க முடியாது.

ஆக, நோய் திரும்பாமல் இருக்க என்று கொடுக்க வேண்டாம். தூக்கம் வரவில்லை என்றால் அது வேறு பேச்சு, கீழே வருகிறேன். மைத்துனரிடம் கோபப்படாதீர்கள். உங்கள் மனைவி புகைப்பவராக இருந்தால் அதை விடுவதற்கும், மறுபரிசோதனை ஸ்கேன் தேதிகள் தவறாமல் இருப்பதற்கும் அவருடைய இதே ஆர்வம் மிகவும் உதவும்.

நான் செவிலியர். திருமணத்துக்கு முன்பிருந்தே சுழற்சி முறையில் நைட் டூட்டி. இரவு வேலை மார்பகப் புற்றுநோய் உண்டாக்கும், காரணம் மெலடோனின் குறைவதுதான் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். முன்னெச்சரிக்கையாக மாத்திரை எடுக்கலாமா?

முதலில் உங்கள் கேள்வியின் முன்பாதி. நம் மூளையின் நடுவில் உள்ள பீனியல் சுரப்பி இருட்டிய பிறகுதான் மெலடோனினைச் சுரக்கும். கண்ணில் வெளிச்சம் பட்டால் சுரப்பு குறைந்துவிடும். இது மனிதர்களுக்கும் பொருந்தும் என்று 1980இல் ஆல்ஃபிரட் லூயி குழுவினர் பிரகாசமான விளக்கை வைத்து நிரூபித்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார்: மின்விளக்கு பெருகிய நாடுகளில் மார்பகப் புற்றுநோய் கூடுவதற்கு, இரவு வெளிச்சம் மெலடோனினைக் குறைப்பதும் ஒரு காரணமாக இருக்கலாமோ? அங்கிருந்துதான் எல்லோருடைய பார்வையும் செவிலியர்கள் பக்கம் திரும்பியது. உங்களைப் போல இத்தனை ஒழுங்காக இரவில் விழித்திருப்பவர்கள், அதையும் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பவர்கள் வேறு யார்?

2001இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வில், 30 ஆண்டும் அதற்கு மேலும் சுழற்சி நைட் டூட்டி பார்த்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் 36 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. 2007இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, உடலின் நாள் சுழற்சியைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை "மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. 2019இல் மறுபடி கூடி அதையே உறுதி செய்தது. அந்தப் பிரிவில்தான் சிவப்பு இறைச்சியும் இருக்கிறது. பிரிவு எண் சொல்வது சான்று எவ்வளவு பலமானது என்பதை மட்டும்தான், ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை இல்லை.

எதிர்ப் பக்கமும் கனமானது. 2016இல் பிரிட்டனின் மூன்று பெரிய ஆய்வுகளையும் பிற நாட்டு ஆய்வுகளையும் சேர்த்து, பத்து லட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பார்த்தார்கள். இரவு வேலைக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. பிரிட்டன் ஆய்வில் இருந்தவர்களில் பலர் இரவு வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன வயதானவர்கள் என்று விமர்சனம் வந்தது. அது நியாயமான விமர்சனம்தான். 2017இல் அதே அமெரிக்கச் செவிலியர்களோடு, இளைய செவிலியர்களைக் கொண்ட அடுத்த ஆய்வையும் சேர்த்துப் பார்த்தபோது, இளம் வயதில் நீண்ட காலம் சுழற்சி ஷிஃப்ட் பார்த்தவர்களிடம்தான் அபாயம் பளிச்சென்று தெரிந்தது. என் கருத்தைக் கேட்டால், சின்ன வயதிலிருந்து பல ஆண்டுகள் இரவு வேலை பார்ப்பது கொஞ்சம் கெடுதல் செய்கிறது என்றே நினைக்கிறேன். அதற்கு மெலடோனின் மட்டுமே காரணமா என்றால் சந்தேகம். தூக்கக் குறைவு, எடை கூடுவது, நேரங்கெட்ட சாப்பாடு எல்லாம் கூடவே வருகின்றன.

சரி, மாத்திரை? இரவு வேலை பார்ப்பவர்கள் மெலடோனின் எடுத்தால் புற்றுநோய் குறையும் என்று காட்டிய சோதனை ஒன்றுகூட இல்லை. நெருக்கமாக வந்தது 2025இல் கனடாவில் வெளியான ஒரு சிறிய சோதனை: 40 பேர், பகல் தூக்கத்துக்கு முன் 3 மில்லிகிராம், நான்கு வாரம். டிஎன்ஏ சேதம் சரிசெய்யப்படுவதைக் காட்டும் ஒரு பொருள் பகல் தூக்கத்தின்போது சிறுநீரில் கூடியது. ஆனால் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்கோட்டில்தான் அது நின்றது. அடுத்த இரவு வேலை நேரத்தில் வித்தியாசம் இல்லை. சுவாரசியமான தொடக்கம், அவ்வளவுதான்.

டூட்டி முடிந்து பகலில் தூக்கம் வராமல் புரள்கிறீர்கள் என்றால் அதற்காக மருத்துவரைக் கேட்டுக் குறைந்த அளவில் எடுக்கலாம். வண்டி ஓட்டும் முன்பும் டூட்டிக்குக் கிளம்பும் முன்பும் கூடாது. வயதுக்கு ஏற்ற மார்பகப் பரிசோதனையை விடாதீர்கள். ஷிஃப்ட் அட்டவணை போடுபவர்களிடம், தொடர்ந்து வரும் இரவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். இதைச் செவிலியர் சங்கம் வழியாகக் கேட்டால் இன்னும் நல்லது.

உயிரியல் மாணவன் நான். ஆய்வகத்தில் மெலடோனின் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன. அவை எல்லாம் பொய்யா?

பொய்யில்லை. படிக்கும்போது ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி: எவ்வளவு செறிவு என்ற வரியை முதலில் தேடுங்கள். இரவில் நம் ரத்தத்தில் மெலடோனின் உச்சத்தில் இருக்கும்போதுகூட லிட்டருக்கு ஒரு நானோமோலுக்கும் குறைவு. செல்களைக் கொன்றதாகச் சொல்லும் கட்டுரைகளில் பலவற்றில் தட்டில் ஊற்றியது லிட்டருக்கு ஒரு மில்லிமோல். பத்து லட்சம் மடங்குக்கும் மேல். அந்த அளவில் ஊற்றினால் எத்தனையோ சாதாரணப் பொருள்கள் செல்களைக் கொல்லும்.

ஆனால் எல்லாவற்றையும் இப்படித் தள்ளிவிட முடியாது. 1988இல் ஹில், பிளாஸ்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் உடலில் இயல்பாக இருக்கும் அளவிலேயே மெலடோனின், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோய் செல்களின் வளர்ச்சியை மட்டுப்படுத்துவதைக் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2005இல் பிளாஸ்க் குழு செய்தது. ஆரோக்கியமான பெண்களிடமிருந்து மூன்று வகை ரத்தம் எடுத்தார்கள்: பகலில் எடுத்தது, இருட்டில் நடு இரவில் எடுத்தது, நடு இரவில் பளிச்சென்ற வெளிச்சத்தில் உட்கார வைத்த பிறகு எடுத்தது. மனித மார்பகப் புற்றுநோய்க் கட்டியைச் சுமந்த எலிகளில், அந்தக் கட்டிக்குள் இந்த ரத்தங்களைச் செலுத்தினார்கள். இருட்டில் எடுத்த ரத்தம் கட்டியின் வளர்ச்சி வேகத்தை அடக்கியது. பகல் ரத்தம் அடக்கவில்லை. வெளிச்சத்துக்குப் பிறகு எடுத்த இரவு ரத்தமும் அடக்கவில்லை. அதே குழுவினர் 2014இல் இன்னொன்றும் காட்டினார்கள்: இரவில் மங்கலான வெளிச்சத்தில் வைத்த எலிகளின் கட்டிகள் டாமோக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்துக்கு அடங்க மறுத்தன, மெலடோனினைத் திருப்பிக் கொடுத்ததும் அடங்கின.

எலியில் இவ்வளவு அழகாக வேலை செய்தது மனிதரில் ஏன் தடுமாறுகிறது என்பதுதான் நீங்கள் படித்து முடித்துக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். ஒரு துப்பு மட்டும் தருகிறேன். இருட்டு தரும் மெலடோனின் இரவு முழுக்க மெதுவாக ஏறி இறங்குகிறது. மாத்திரை தருவது ஒரு பெரிய அலை. ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அதில் பாதி ரத்தத்திலிருந்து போய்விடும்.

சொல்ல மறந்துவிட்டேன், இந்தப் பொருளை 1958இல் முதலில் பிரித்தெடுத்த யேல் பல்கலைக்கழகத்து ஆரன் லெர்னர் தூக்க மருத்துவரும் இல்லை, புற்றுநோய் மருத்துவரும் இல்லை. தோல் மருத்துவர். மாடுகளின் பீனியல் சுரப்பிகளைக் குவித்து வைத்து, வெண்புள்ளிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்.

பார்வையற்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாமே?

சில நாடுகளின் பதிவேடுகளைப் பார்த்த ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றன. இரவு வெளிச்சம் அவர்களுடைய மெலடோனினைக் குறைக்காது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் பார்வையற்ற எல்லோருடைய மெலடோனினும் வெளிச்சத்துக்கு அசையாமல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். முற்றிலும் பார்வை இல்லாத சிலரிடமும் வெளிச்சம் பட்டால் மெலடோனின் குறைவதை 1995இல் சைஸ்லர் குழு காட்டியது. பார்ப்பதற்கு ஒரு பாதை, நேரம் அறிவதற்கு வேறு பாதை என்று கண்ணுக்குள் இரண்டு இருக்கின்றன.

அடுத்த வாரம் ரேடியேஷன் ஆரம்பம். மெலடோனின் சிறந்த ஆன்டிஆக்சிடன்ட், கதிர்வீச்சின் பக்கவிளைவைக் குறைக்கும் என்கிறார்கள். எடுக்கலாமா?

ரேடியேஷன் நடக்கும் நாட்களில் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. கதிர்வீச்சு புற்றுநோய் செல்லைக் கொல்வதே பெரும்பாலும் ஆக்சிஜன் சார்ந்த மூலக்கூறுகளை உள்ளே கிளப்பிவிட்டுத்தான். ஆன்டிஆக்சிடன்ட் அவற்றைத் துடைக்கும். நல்ல செல்லை மட்டும் காப்பாற்றி, கெட்ட செல்லை விட்டுவிடும் என்பதற்கு உத்தரவாதம் யார் கொடுப்பது?

ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே நல்லது என்ற நம்பிக்கை ஏற்கனவே நம்மைச் சுட்டிருக்கிறது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அது 1994. கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு வைட்டமின் ஈயும் பீட்டா கரோட்டினும் கொடுத்தபோது பக்கவிளைவுகள் உண்மையிலேயே குறைந்தன. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் வைட்டமின் எடுத்த காலத்தில் அவர்களுக்குப் புதிதாக இரண்டாவது புற்றுநோய் வந்தது அதிகம்.

மெலடோனினும் இப்படியே செய்யும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு அப்படியொரு சான்று கிடையாது. மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்கு ரேடியேஷனோடு மெலடோனின் கொடுத்த அமெரிக்கச் சோதனை 2007இல் வெளிவந்தது. கெடுதலும் பெரிதாக இல்லை, ஆயுளும் கூடவில்லை. மெலடோனின் களிம்பைத் தோலில் தடவி ரேடியேஷன் புண்ணைக் குறைக்கும் சிறு சோதனைகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் நீங்களாகக் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு போகாதீர்கள். ரேடியேஷன் அறையில் இருப்பவர்களிடம் காட்டிவிட்டுத்தான் எதுவும்.

கீமோ எடுக்கிறேன். மூன்று நான்கு நாட்கள் தூக்கமே இல்லை. மெலடோனின் உதவுமா?

மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்ததால் முதலில் ஒன்று கேட்கிறேன்: உங்களுக்கு வாந்தி வராமல் இருக்க டெக்ஸாமெதசோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்களா? கீமோவுக்குப் பின் சில நாட்கள் மட்டும் தூக்கம் கெட்டுப்போகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதை விழுங்கிவிட்டு, விடிய விடிய விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நோயாளிகள் எத்தனையோ பேர். மருத்துவரிடம் கேட்டு அதைக் காலையிலும் மதியத்துக்குள்ளும் மாற்றிக்கொண்டால் பல சமயம் வேறு மாத்திரையே தேவைப்படாது.

அதற்குப் பிறகும் தூக்கம் இல்லை என்றால் மெலடோனினைக் கேட்டுப் பார்க்கலாம். புற்றுநோயாளிகளுக்கு இந்த மருந்து நியாயமாகப் பயன்படக்கூடிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். 20 மில்லிகிராம் தேவையே இல்லை. 0.3 மில்லிகிராமே ரத்தத்தில் இரவின் இயல்பான அளவைக் கொண்டுவந்துவிடும். மருத்துவர்கள் வழக்கமாக 1 முதல் 3 மில்லிகிராமுக்குள் தொடங்குவார்கள், படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு. அதிகம் போட்டால் அதிகம் தூக்கம் என்ற கணக்கு இதில் செல்லாது. அடுத்த நாள் மந்தமும் தலைவலியும்தான் கூடும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட, தூக்கத்துக்கென்றே அமைந்த சிபிடி என்ற பேச்சுவழிப் பயிற்சிதான் முதல் சிகிச்சை. உங்கள் மருத்துவமனையில் அதைக் கற்றுத்தருகிறார்களா என்று விசாரியுங்கள்.

பசியைத் தூண்டவும் சோர்வைப் போக்கவும் இதை எடுக்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். அமெரிக்காவின் எம்டி ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையில் பசிக்காகக் கொடுத்துப் பார்த்த சோதனையை 2013இல் பயனில்லை என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். டென்மார்க்கில் சோர்வுக்காகக் கொடுத்ததும் பலிக்கவில்லை. அதே டென்மார்க்கில் மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு 6 மில்லிகிராம் கொடுத்தபோது மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. அது சிறிய சோதனை, ஆனாலும் ஒழுங்காக நடந்தது.

பாட்டிலில் 5 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

சப்ளிமென்டாக விற்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கனடாவில் 2017இல் சோதித்தபோது லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. நான்கில் ஒன்றில் செரடோனின் வேறு கலந்திருந்தது. அமெரிக்காவில் 2023இல் 25 மெலடோனின் மிட்டாய்களைச் சோதித்ததில் 22இல் லேபிள் தவறு. ஒன்றில் மெலடோனினே இல்லை! பிரிட்டனில் இது மருத்துவர் சீட்டுக்கு மட்டும் கிடைக்கும் மருந்து. அமெரிக்காவில் வைட்டமின் போல அலமாரியில் கிடக்கிறது. எடுப்பதாக இருந்தால் மருந்தாகத் தயாரிக்கப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்பா ஆறு மாதமாக மெலடோனின் எடுக்கிறார். புற்றுநோய் டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று மறைக்கிறார். பெரிய மருந்தில்லையே, சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். மெலடோனினை உடலிலிருந்து வெளியேற்றும் கல்லீரல் நொதியைச் சில மருந்துகள் தடுத்துவிடும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவாக்ஸமைன் அவற்றில் முக்கியமானது. சிப்ரோஃபுளோக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் உண்டு. இவற்றோடு சேர்ந்தால் சின்ன அளவு பெரிய அளவாகிவிடும். அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறாரா? அதோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு ரத்தக்கசிவு வந்ததாகப் பதிவுகள் உள்ளன. வலிக்கு மார்ஃபின் எடுத்தால் மயக்கம் கூடும், ராத்திரியில் எழுந்து போகும்போது விழுந்துவிடுவார். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தோ, அந்தச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் புதிய இம்யூனோதெரபியோ நடக்கிறது என்றால் அதை மருத்துவர் தனியாக யோசிக்க வேண்டியிருக்கும்.

திட்டுக்குப் பயந்தால் மருத்துவரிடம் போவதற்கு முன் மருந்தாளரிடம் போகச் சொல்லுங்கள். நாங்கள் திட்டுவதில்லை, அப்படியே திட்டினாலும் மெதுவாகத்தான். வீட்டில் இருக்கிற எல்லா டப்பாக்களையும், பாதி தீர்ந்தது, நிறுத்திவிட்டது உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு வரட்டும். எதை எந்த நேரத்தில், எவ்வளவு எடுக்கிறார் என்று ஒரு தாளில் எழுதி அவருடைய சிகிச்சைக் கோப்பில் வைத்துவிடச் சொல்லுங்கள். அடுத்த கீமோ தேதிக்கு முன்பே இது நடந்தால் நல்லது.